மாப்பிள்ளையைப் பின்னால் தள்ளக் கூடாது

முட்டாள்தனத்துக்கு ஓய்வு பெறும் வயது என்று எதுவும் கிடையாது. இதை இளமையில் செய்த பிழை என்று எழுதி முடித்துவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இது நடந்தபோது நான் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தேன். (வயசானா புத்தி வரும்னு சொன்னவரு எங்க காலடிப்பேட்டைப் பக்கம் வந்ததே இல்ல போல.)

நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பாவம், விவரம் தெரியாத மனிதர் என்று யாராவது எனக்காக இரங்கிவிடக்கூடும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ‘ஃபோர்க்கின் சாய்வு அதிகமாவதால் ஏற்படும் தீமைகளை விவரி’ என்று பத்து மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன். சரியாக எழுதாதவர்களுக்கு முட்டை போட்டிருக்கிறேன். அவர்கள் அனைவரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் எழுதாமல் விட்ட விடையை நான் என் பெண்ணின் கல்யாணத்தில் செய்து காட்டினேன்.

ஓய்வு பெற்றதும் கையில் போனும் நேரமும் சேர்ந்துகொண்டன. அந்தப் போனில்தான் சாப்பர் வண்டிகளைப் பார்த்தேன். முன்சக்கரம் ஒரு தெருவிலும் பின்சக்கரம் அடுத்த தெருவிலும் இருப்பதுபோல நீண்டு படுத்த வண்டி. ஹேண்டில்பார் தலைக்கு மேலே இருக்கும். ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, போலீஸிடம் சரணடைந்தவர்போல உட்கார்ந்திருப்பார். அதில் அப்படி என்ன கவர்ச்சி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என் பழைய புல்லட் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு குட்டையாக இருக்கிறதே என்று தோன்ற ஆரம்பித்தது.

என் மனைவி திலகவதிக்கு ஒரு தம்பி. பெயர் தேசிங்கு. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன். விம்கோ நகரில் ஒரு வெல்டிங் கொட்டகையும் வைத்திருந்தான். தடுக்க வேண்டியவன் அவன்தான். ஆனால் வீடியோவைக் காட்டியதும் அவன் கண்கள் என் கண்களைவிட அதிகமாக விரிந்தன.

“இன்னா மாமா, இவ்ளோதான் நீட்டப் போறியா? இன்னும் அரை அடி இஸ்துக்கலாம். ரோட்ல போசொல்ல நாலு பேரு திரும்பிப் பாக்க வாணாமா?”

“நீளம் கூடினால் திரும்புவது கஷ்டம் தேசிங்கு. அழகு கூடக் கூட ஓட்டும் வசதி குறையும். இதில் ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும்.”

“இன்னாத்துக்குத் திரும்பணும்? நேராப் போ மாமா.”

இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டேன். படித்தவன் ஏற்றுக்கொள்ளக்கூடிய பதில் அல்ல அது. இருந்தும் ஏற்றுக்கொண்டேன்.

வண்டி தயாரானது. பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டோம், உருவம் வழவழவென்று இருக்க வேண்டும் என்பதற்காக. அதன் பிறகு திருவொற்றியூரில் எந்தத் தெருவில் எத்தனை வேகத்தடை என்பது என் முதுகெலும்புக்கு மனப்பாடம் ஆயிற்று. நேர்ச்சாலையில் ராஜா மாதிரி போகும். திருப்ப வேண்டும் என்றால் ஒரு மைதானம் வேண்டும். மெதுவாகப் போனால் முன்சக்கரம் தூங்கி விழுகிறவன் தலைபோல ஒரு பக்கமாகச் சாயும். இப்படி வண்டியின் உருவத்தையே மாற்றுவது சட்டப்படி தவறு என்பதும் எனக்குத் தெரியும். அதையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது திலகவதி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “இதுல நான் எங்க உக்காருறது?” என்றாள்.

“இது அந்த மாதிரி வண்டி இல்ல” என்றேன். கல்யாணமான நாள் முதல் என் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் இதைச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஒரே மகள் யாழினிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை சரவணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். நல்ல பையன். பெண் பார்க்க வந்த அன்று வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்கு மாமா” என்றார். (ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன் மாமா என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.) நான் அதை ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். போய்ச் சேர்ந்ததும் நிச்சயதார்த்தம். ஏழரை மணிக்குள் இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் நேரம் நன்றாக இல்லை என்று அவர்கள் பக்கத்து ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். (ஏழரைன்னு சொன்னா எங்க பக்கம் வேற அர்த்தமும் உண்டு. அது எனக்கு அப்ப உறைக்கல.) அலங்காரம் செய்த கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நான் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாழினி கெஞ்சினாள். “கார்லயே வரட்டும்பா. நேரத்துக்கு வந்து சேர்ந்தா போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்.”

“அஞ்சு நிமிஷ தூரம்மா” என்றேன்.

அஞ்சு நிமிஷ தூரம்தான். மண்டபத் தெருவுக்குள் திரும்பும் முனையை நான் டேப் வைத்து அளந்தும் வந்திருந்தேன். தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். வண்டி திரும்பும், ஒரு அடி மிச்சம் என்று விடை வந்தது. கணக்கில் பிழை இல்லை. அது மட்டும்தான் அந்தக் கல்யாணத்தில் நான் சரியாகச் செய்த காரியம்.

தேசிங்கு பின்னால் ஒரு குட்டி சீட் வைத்து, அதன் முதுகுக்கு ஆளுயரக் கம்பி நிறுத்தி, கம்பி முழுக்கப் பூச்சரம் சுற்றியிருந்தான். கோட்டு சூட்டு போட்ட சரவணன் அதில் ஏறி உட்கார்ந்ததும் உற்சவர் புறப்பாடு மாதிரி இருந்தது. மரியாதைக்காக எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். நாதஸ்வரம் முன்னால் போனது. வீடியோக்காரர் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். அவர் எடுப்பது அப்படியே மண்டபத்தின் பெரிய திரையில் தெரியும் என்று பெருமையாக ஏற்பாடு செய்திருந்தோம்.

ஊர்வலம் நடை வேகத்தில் போக வேண்டும். அந்த வண்டிக்கு ஒத்துவராத ஒரே வேகம் அதுதான். முன்சக்கரம் இடதும் வலதும் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாக்கள் இருபுறமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால், கைகளை உயர்த்திக்கொண்டு மாலையோடு உட்கார்ந்திருக்கும் நான்தான் தெரிந்தேன். சரவணன் எனக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இன்னா நைனா, இந்த வயசுல மாப்ள கோலம்? வூட்ல அக்கா இன்னா சொல்லிச்சு?”

“மாப்பிள்ளை பின்னாடி இருக்காரும்மா.”

“அப்ப நீ டிரைவரா? டிரைவருக்கு இன்னாத்துக்கு மாலை?”

என் முதுகுக்குப் பின்னால் சரவணன் சிரிப்பது கேட்டது. அந்த மாலையில் அவர் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மண்டபத் தெரு முனை வந்தது. அங்கே வண்ண விளக்கு வளைவு ஜொலித்தது. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரங்கள், மேலே மணமக்களின் பெயர்கள். நான் அளந்துவிட்டு வந்த பிறகு நட்டவை. வளைவின் கால்களும் வாழைமரங்களுமாகச் சேர்ந்து தெருவைப் பக்கத்துக்கு ஒன்றரை அடி தின்றிருந்தன. அந்த வளைவை வைக்கச் சொன்னவனும் நான்தான்.

நாதஸ்வரக்காரர்கள் உள்ளே திரும்பி, மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்ற நம்பிக்கையில் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். வீடியோக்காரரும் உள்ளே திரும்பி நின்று காத்திருந்தார். நான் ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினேன். முன்சக்கரம் வாழைமரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

“பரவால்ல மாமா” என்றான் தேசிங்கு. “நாலடி பின்னால இஸ்து, மறுபடி வுடலாம். டேய், எல்லாரும் புடிங்கடா.”

“கைய எடுங்கல.”

சண்முகக்கனி அத்தையின் குரல். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூத்தவர். சீர்த்தட்டை இடுப்பில் ஏந்திக்கொண்டு வண்டிக்கும் சித்தப்பாக்களுக்கும் நடுவே வந்து நின்றார். “மாப்பிள்ளைய பின்னால தள்ளுததா? கெளம்பி வந்தவன் முன்னால தான் போவணும். ஒரு அடி பின்னால போவப்பிடாது. சம்பந்தமே பின்வாங்குன மாதிரி ஆயிரும்.”

“அப்ப இறங்கி நடக்கட்டும்மா. மண்டபம் இதோ தெரியுதே” என்றேன்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி நீங்க சொல்லுதது. ஆரத்தி எடுக்காம நடுத்தெருவுல எறக்குவாவளா? ஆரத்தி எடுக்குற எடத்துல தான் அவன் காலு தரையில படணும்.”

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் வாதாடியிருக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா இளகிய மனிதர், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் பின்னால் தள்ளக் கூடாது என்பது அத்தையின் கவலை. என் வண்டி திரும்பவில்லை என்பதை ஊர் பார்க்கக் கூடாது என்பது என் கவலை. அவர் தடுத்ததில் எனக்கு நிம்மதிதான்.

“நேராப் போய் ஒரு சுத்து சுத்தி அடுத்த தெரு வழியா வந்துடலாம்” என்றேன். பூ மாலையோடு, மண்டபத்தைத் தாண்டிப் போனோம்.

அடுத்த தெரு முனையில் ஷேர் ஆட்டோக்கள் நின்றிருந்தன. திரும்ப முடியவில்லை. அதற்கு அடுத்ததில் தண்ணீர் லாரி. முடியவில்லை. சித்தப்பாக்கள் ஓடி வந்து களைத்து ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அத்தையும் தேசிங்கும் ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டு பின்னால் வந்தார்கள். கிழக்கே நேராகப் போனால் வங்கக் கடல். அதற்கு முன்னால் எண்ணூர் விரைவுச் சாலை குறுக்கே வந்ததால் பிழைத்தோம். அகலமான சாலை. கம்பீரமாக இடது பக்கம் திரும்பினேன்.

அங்கே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றிருந்தன. ஊருக்குள் போகும் ஒவ்வொரு சந்தின் வாயிலும் ஒரு டிரெய்லர். லாரிக்கும் லாரிக்கும் நடுவே சாதாரண வண்டிகள் வளைந்து நெளிந்து புகுந்து போய்க்கொண்டிருந்தன. என் வண்டியும் அந்த இடைவெளியில் மூக்கை நுழைத்தது. உடம்பு வளையவில்லை. குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. நடை வேகத்திலேயே வந்து கொதித்துப் போயிருந்த எஞ்சினும் அந்த நேரம் பார்த்து அணைந்தது. மறுபடி உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மேலேயிருந்து ஒரு டிரெய்லர் டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னா வாத்யாரே, லோடா?”

“கல்யாண மாப்பிள்ளைங்க.”

“எத்தினி மணிக்கு டெலிவரி?”

“ஏழரைக்குள்ள.”

“கஷ்டம்பா. நானே மத்தியானத்துலேர்ந்து நின்னுகினு கீறேன்.”

சரவணனின் போன் அடித்தது. லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். யாழினி.

“எங்க இருக்கீங்க? நீங்க தாண்டிப் போனத எல்லாரும் ஸ்கிரீன்ல பாத்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையான்னு கேக்கறாங்க. அம்மாவ சுத்தி நின்னு கேக்கறாங்க.” “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா?”

“வர்றேன் யாழினி. வந்துட்டேதான் இருக்கேன். வண்டி திரும்பல. எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னருக்கு நடுவுல நிக்கிறோம்.”

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“முன்னாடி இருக்காரு.”

“அவர்கிட்ட போன குடுக்க வேணாம்.”

சரவணன் போனைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைத் தேற்ற அவர் ஏதோ சொல்ல முயன்றார். நான் கைகளை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் வண்டி சாய்ந்துவிடும்.

ஏழு மணி தாண்டியிருந்தது. அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து, “இன்னும் எறங்கலியே?” என்று சரவணனின் கால்களைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

அப்போது இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வெளியே வந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெற்றிச்சுட்டியும் ஹெல்மெட்டுமாக யாழினி ஓட்டி வந்தாள். பின்னால் திலகவதி, மடியில் ஒரு தாம்பாளத்தோடு.

“மாப்பிள்ளை ஆரத்தி எடுக்குற எடத்துலதான் இறங்கணுமாமே” என்றாள் யாழினி அத்தையைப் பார்த்து. “மண்டபத்துக்குத் திரும்பி வந்த உங்க வீட்டுச் சித்தப்பா சொன்னாரு. எடுத்துட்டு வந்துட்டோம்.”

திலகவதி மஞ்சள்தூளையும் சுண்ணாம்பையும் பொட்டலத்திலிருந்து தட்டில் கொட்டினாள். தண்ணீர் கொண்டுவர மறந்திருந்தாள். டிரெய்லர் டிரைவர் தன் கேனைக் கீழே இறக்கிக் கொடுத்தார். “குடிக்கிற தண்ணி தாம்மா. கலீஜ் தண்ணி இல்ல.”

அத்தை தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “மஞ்சள் பத்தல. இருந்தாலும் செவந்திருக்கு. ம், சுத்துங்க.”

திலகவதி சுற்றினாள். கடற்காற்றில் சூடம் நிற்காது என்று அதை விட்டுவிட்டார்கள். ஆரத்தி நீரை டிரெய்லர் சக்கரத்தின் ஓரமாக ஊற்றினாள். “இப்ப எறங்குடே” என்றார் அத்தை. சரவணனால் இறங்க முடியவில்லை. கால்கள் மரத்துவிட்டிருந்தன. தேசிங்கும் டிரைவருமாகத் தூக்கி இறக்கினார்கள். அவர் நொண்டிக்கொண்டே போய் யாழினியின் பின்னால் உட்கார்ந்தார்.

கல்யாணப் பெண் ஓட்ட, மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போகலாமா என்று எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

அவர் யோசித்தார். “முன்னால தான போவுது? போவட்டும்.”

ஒரு கட்டில் போடும் இடம்கூட இருக்காது. அதற்குள் அந்த ஸ்கூட்டர் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, லாரிகளுக்கு நடுவே புகுந்து மறைந்தது. தேசிங்கு ஆட்டோவை நோக்கி ஓடினான். “மாமா, தாய்மாமன் இல்லாம தட்டு மாத்த மாட்டாங்க. நீ வண்டியப் பாத்துக்கோ.”

“இது கிடக்கட்டும். நீங்களும் வாங்க” என்றாள் திலகவதி. அந்த நேரம் பார்த்து லாரி வரிசை நகர ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். என் வண்டி குறுக்கே கிடந்தது.

“போட்டுட்டு வந்தா ரோடே நின்னுடும். நீங்க போங்க. எனக்காக நிறுத்த வேண்டாம், நேரம் தப்பிடும். மண்டபத்துல என் அண்ணன் இருக்காரே, அவரத் தட்டு மாத்தச் சொல்லு” என்றேன். அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பெற்ற பெண்ணின் தட்டை இன்னொருவர் மாற்றட்டும் என்று என் வாயால் சொன்னேன்.

டிரெய்லர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். கடற்கரைக் கற்களுக்குப் பக்கத்தில் அதைப் பூட்டிவிட்டு நடந்தேன். மாலையைக் கழற்ற மறந்துபோய் அப்படியே நடந்திருக்கிறேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்திருந்தது. தட்டு ஏழு இருபத்தைந்துக்கே மாறிவிட்டது. என் அண்ணன் கொடுக்க, மாப்பிள்ளையின் அப்பா வாங்கிக்கொண்டார்.

மேடையில் யாழினியின் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “தட்டு மாத்தும்போது உங்களத் தேடினேன்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் முகூர்த்தம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. சாப்பரை தேசிங்கு ஒரு மாதத்தில் பழைய உருவத்துக்கே கொண்டுவந்துவிட்டான். நல்ல அகலமான சீட்டாகப் போடச் சொன்னேன். திலகவதி ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. கேட்டால், “எனக்கு ஆட்டோ பழகிடுச்சு” என்கிறாள்.

இதையெல்லாம் ஊர் மறந்தாலும் என் குடும்பம் மறக்காது. அன்றைக்குத் தட்டு மாற்றும்போது யாரோ, “பொண்ணோட அப்பா எங்க?” என்று கேட்க, சரவணன் யோசிக்காமல், “திரும்பிட்டு இருக்காரு” என்று சொல்லியிருக்கிறார். மண்டபமே சிரித்ததாம். அதுவரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்த யாழினியும் சிரித்தாளாம். எனக்கு அதில் ஆறுதல்தான். ஆனால் அந்த வார்த்தை அன்றோடு நிற்கவில்லை. காய்கறி வாங்கப் போய் நேரமானாலும் திரும்பிட்டு இருக்கிறேன். குளியலறையில் தாமதித்தாலும் திரும்பிட்டு இருக்கிறேன்.

போன மாதம் பேத்தியைத் தொட்டிலில் போட்டார்கள். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. ஐயர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, “யாழினியோட தோப்பனார் வரலாம்” என்றார்.

“அண்ணாச்சி இன்னும் திரும்பலியே” என்றார் சண்முகக்கனி அத்தை.

வீடே சிரித்தது. நான் ஐயருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறேன்.